கற்பனைக் கோளின் காற்று

கோள்கதை எனப்படும் புனைகதைவகை தமிழிலும் வேரூன்றி வருகின்றது. இளைஞர் அதனை விரும்பிப் படிக்கின்றனர். மாணவர் தாமும் எழுதிப் பார்க்கின்றனர். அத்தகைய கதைகள் பலவற்றில் ஒரு காட்சி தவறாது வரும். விண்கலம் பெயர் அறியாத கோள் ஒன்றில் இறங்கும், கதவு திறக்கும், கதைத் தலைவன் வெளியே வந்து நெஞ்சு நிறைய மூச்செடுப்பான், இளங்காற்று அவன் தலைமயிரைக் கலைக்கும். அடுத்த பக்கத்தில் அக்கோளின் அரசிளங்குமரி தோன்றுவாள். அரசிளங்குமரியை நான் குறை கூறேன். கதைக்கு அவள் வேண்டியவள். அந்த இளங்காற்று எங்கிருந்து வந்தது என்பதே என் வினா.

இது விஞ்ஞான ஆசிரியர் கேட்கவேண்டிய வினா, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். தமிழாசிரியனே முதலிற் கேட்கவேண்டிய வினா இது என்பது என் துணிபு. தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் வாழும் விலங்கும் பறவையும் மரமும், அங்குள்ளோர் உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் வணங்கும் தெய்வமும் கரு. அவற்றிடையே நிகழும் மாந்தர் ஒழுக்கம் உரி. முதல் பிழைத்தால் கரு பொருந்தாது. கரு பொருந்தாவிடின் உரி உள்ளத்தில் தைக்காது. நெய்தல் நிலத்தில் மயில் ஆடக் கண்டால் திணைமயக்கம் என்று கூறி அதற்கொரு காரணம் தேடுகின்றோம். மூச்சுவிடக் காற்றில்லாத கோளில் மாங்குயில் கூவக் கண்டால் மட்டும் வாளா இருப்பது எங்ஙனம்? கோள்கதைக்கு முதற்பொருள் அக்கோளின் வளிமண்டலமே. நிலத்தின் வெப்பதட்பமும் பொழுதின் நிறமும் அதனாலன்றோ அமைகின்றன? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டினார். நிலம் அங்கேயே கிடக்கின்றது. வானத்தின் நிலை மாற, திணையே மாறிவிடுகின்றது.

நம் முன்னோர்க்குக் காற்றுக்கு எல்லை உண்டு என்னும் எண்ணமும் இருந்தது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடிய புறப்பாட்டிலே, காற்று இயங்கும் திசையும் ஒன்றுமின்றி வெறிதே நிற்கும் வானமும் வேறுவேறாக எண்ணப்பட்டுள்ளன. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடுமிடத்தும் காற்று ஊடறுத்துச் செல்லாத வானம் பேசப்படுகின்றது. இவற்றைக் கொண்டு பழந்தமிழர் இன்றைய விஞ்ஞானமனைத்தும் அறிந்திருந்தனர் என்று பறைசாற்றுவோர் கூட்டத்தில் நான் சேரேன். அவ்வாறு கூறுவது புலவர்க்கும் பெருமையன்று, விஞ்ஞானத்திற்கும் பெருமையன்று. ஆயினும் காற்றுள்ள வெளி வேறு, அஃதில்லாத வெளி வேறு என்று பிரித்து நோக்கும் கண் அவர்களுக்கு இருந்தது. அந்தக் கண்ணையே இன்றைய கதையாசிரியரிடம் வேண்டுகின்றோம்.

காற்றின் கணக்கை அறிய விண்கலம் ஏறவேண்டுவதில்லை. ரம்புக்கனையிற் புகையிரதம் ஏறினாற் போதும். 1867 ஆம் ஆண்டு கண்டிக்குத் திறக்கப்பட்ட பாதை நம் ஊரைக் கடந்தவுடன் மலையேறத் தொடங்குகின்றது. கடுகண்ணாவை சேர்வதற்குள் ஏறத்தாழ 1,400 அடி உயர்ந்து விடுகின்றோம். அவ்வளவில் காற்றின் அமுக்கம் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்து போகின்றது. காதடைப்பது அதனால்தான். நுவரெலியாவில் நீர் 94 பாகைச் செல்சியசு அளவிலேயே கொதித்துவிடும்; சிவனொளிபாதமலையின் உச்சியில் 92 பாகையைச் சற்றே கடந்ததும் கொதிக்கும். அங்கே கொதிக்கும் நீர் இங்கே கொதிக்கும் நீரினும் சூடு குறைந்தது என்பதை மாணவர்க்கு உணர்த்தினாற் பாதிப் பாடம் முடிந்தது.

சிவனொளிபாதமலையைக் குறிப்பிட்டது காரணத்தோடுதான். கோள்கதை எழுதுவோருள் காற்றைக் கணக்கிட்டு எழுதியவர் ஒருவர் நம் தீவிலேயே வாழ்ந்தார். ஆதர் சி. கிளார்க் 1956 ஆம் ஆண்டு இலங்கையிற் குடியேறி, 2008 மார்ச்சில் தமது தொண்ணூறாம் வயதிற் கொழும்பில் மறையும்வரை இதனையே தம் நாடாகக் கொண்டவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். 1979 இல் வெளிவந்த அவரது சொர்க்கத்தின் ஊற்றுக்கள் என்னும் நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு எழும் ஒரு கோபுரம் கட்டப்படுகின்றது. அதற்கு அவர் தேர்ந்த இடம் நமது சபரகமுவையின் புனிதமலை. கோபுரம் நிற்பதற்கு நிலநடுக்கோடு வேண்டும். ஆகவே இலங்கைத் தீவை எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, அதற்குத் தப்ரபேன் என்ற பழம்பெயரையும் இட்டார். மலையின் உயரத்தையும் இருமடங்காக்கினார். இவற்றையெல்லாம் நூலின் பின்னுரையில் வாசகர்க்கு ஒளிக்காமற் சொல்லிவிட்டமை அவர்தம் நேர்மை.

தீவை நகர்த்துவதும் மலையை உயர்த்துவதும் மைக்கூட்டிற் பெருஞ்செலவல்ல. காற்று அதற்கு என்ன விலை கேட்கும் என்று வகுப்பிற் கணக்கிட்டுப் பார்க்கலாம். உண்மை மலை 2,243 மீற்றர். இருமடங்காயின் 4,486 மீற்றர். கடல்மட்டத்துக் காற்றமுக்கத்தில் நூற்றுக்கு 76 பங்கு உண்மை உச்சியில் உண்டு. கற்பனை உச்சியில் 57 பங்கே எஞ்சும். கடலோரத்தில் 27 பாகை வெப்பம் எனவும், ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் எனவும் கொண்டால், உண்மை உச்சியில் 12 பாகை. கற்பனை உச்சியில் உறைநிலைக்கும் இரண்டு பாகை கீழ். அங்கே நீர் 85 பாகையிற் கொதிக்கும். பருப்பு எளிதில் வேகாது. மார்கழி முதல் வைகாசி வரை குழந்தையைத் தோளிற் சுமந்துகொண்டு ஓரிரவில் ஏறி இறங்கும் நம் தோட்டத்து அடியவர் கூட்டம் அந்த மலையில் அங்ஙனம் ஏறமுடியாது. தலைநோவும் வாந்தியும் பலரை வழியிலே மறிக்கும். படியோரத் தேநீர்க்கடைகளின் வாணிகமே வேறாகும். மலையை உயர்த்தியவன் யாத்திரையையே மாற்றிவிட்டான். ஓர் எண்ணை மாற்றினால் உரிப்பொருள் வரை சென்று முட்டுகின்றது என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுமோ?

இனி, ஒரு கோள் தன் காற்றை எங்ஙனம் பிடித்து வைத்திருக்கின்றது என்பதைக் காண்போம். காற்றின் மூலக்கூறுகள் ஓயாமற் பறந்து திரிவன. வெப்பம் மிகுந்தால் வேகம் மிகும். எடை குறைந்தாலும் வேகம் மிகும். கோளின் ஈர்ப்பை வென்று வெளியேறுவதற்கு ஒரு வேகம் வேண்டும். பூமியில் அது செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர், சந்திரனில் 2.4, செவ்வாயில் 5. மூலக்கூறின் இயல்பான வேகத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கேனும் இத்தப்பும் வேகம் இருந்தாற்றான் அந்த வாயு கோடானுகோடி ஆண்டு தங்கும் என்பது பொதுவான அளவுகோல். ஆறு மடங்கு எதற்கு, ஒரு மடங்கு போதாதா என்று மாணவர் கேட்பர். எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்திற் செல்வதில்லை. சில முந்தி ஓடும். அவை நாள்தோறும் தப்பிக்கொண்டே இருக்கும். சிறு துளையுள்ள குடம் ஒருநாள் வெறுமையாவதைப் போன்றது அது. பூமி நைதரசனையும் ஒட்சிசனையும் வைத்துக்கொண்டு ஐதரசனை இழந்தமை இக்கணக்கினால்தான். நண்பகலில் 120 பாகை வரை காயும் சந்திரன் எதனையும் வைத்துக்கொள்ளவில்லை.

ஈர்ப்பு ஒன்றே போதும் என்று முடிவுகட்டினாலும் தவறு. சனிக்கோளின் துணையாகிய டைட்டனின் ஈர்ப்பு நம்முடையதில் ஏழிலொரு பங்கு. தப்பும் வேகம் சந்திரனுடையதைவிடச் சிறிதே அதிகம். ஆயினும் அங்கே நம் காற்றைப் போல் ஒன்றரை மடங்கு அமுக்கமுள்ள நைதரசன் மண்டலம் உண்டு. குளிரே அதனைக் காக்கின்றது. உறைநிலைக்கு 179 பாகை கீழே மூலக்கூறுகள் சோம்பிக் கிடக்கின்றன. 2005 சனவரி 14 ஆம் நாள் ஐகென்சு என்னும் ஆய்வுகலம் அங்கே குடைவிரித்து இறங்கியது. அடர்ந்த காற்றும் குறைந்த ஈர்ப்பும் சேர்ந்த அவ்விடத்தில், கையிற் சிறகு கட்டிக்கொண்ட மனிதன் பறக்கமுடியும் என்று கணக்குச் சொல்கின்றது. விஞ்சையர் வானிற் செல்வதைக் காப்பியங்களிற் படித்த நமக்கு இதைவிட இனிய செய்தி ஏது? ஆனால் அங்கே விளக்கேற்ற இயலாது; எரிப்பதற்கு ஒட்சிசன் இல்லை. பறக்கும் தலைவன் இருளிற்றான் பறக்கவேண்டும், அல்லது மின்விளக்கு ஏந்தவேண்டும். இத்தகைய வரம்புகளே கதைக்கு உயிர் தருவன.

அறிவு வளருந்தோறும் நன்றாக எழுதிய கதையும் பழையதாகும். கிளார்க் 1951 இல் செவ்வாயின் மணல் என்ற நாவலை எழுதினார். அக்காலத்து வானநூலார் செவ்வாயின் காற்றமுக்கம் 85 மில்லிபார் அளவு இருக்கலாம் என்று கருதினர். பூமியில் அது 1,013. ஆகவே அவருடைய மாந்தர் மூச்சுக் கவசம் மட்டும் அணிந்து செவ்வாயில் உலாவுகின்றனர். 1965 இல் மரினர் 4 என்ற கலம் அக்கோளைக் கடந்தபோது, உண்மை அளவு ஐந்தாறு மில்லிபாரே என்று தெரிந்தது. அத்தகைய மெல்லிய காற்றில் உடற்சூட்டிலேயே நீர் கொதித்துவிடும். உடல் முழுவதும் மூடிய அமுக்க உடையின்றி ஒருவன் நிற்கவும் இயலாது. நூல் பொய்த்ததா? அன்று. அவர் தம் காலத்து அறிவின் எல்லைவரை சென்று எழுதினார். அந்நூலில் இன்றும் போற்றத்தக்க பகுதி, செவ்வாய்க்குக் காற்று உண்டாக்கும் திட்டம். மண்ணிலுள்ள கனிப்பொருள்களிற் பூட்டிக் கிடக்கும் ஒட்சிசனை ஒருவகைச் செடி பிரித்து விடுவிக்கின்றது. அச்செடி செழிக்க, செவ்வாயின் துணையொன்றைச் சிறு ஞாயிறாக்கி வெப்பம் ஊட்டுகின்றனர். காற்று எங்கிருந்து வந்தது என்ற வினாவிற்கு விடை அங்கே உண்டு. அளவு பிழைத்தாலும் முறை பிழைக்கவில்லை.

அவருடைய படைப்புக்களுள் இத்துறையில் தலைசிறந்ததாக நான் கருதுவது 1971 இல் வெளியான மெடூசாவுடன் ஒரு சந்திப்பு என்னும் குறுநாவல். வியாழனின் மண்டலத்தில் ஒருவன் கூண்டுப் புகைக்கூடு போன்றதொன்றில் மிதக்கின்றான். பூமியிலாயின் அதனை ஐதரசனாலோ ஈலியத்தாலோ நிரப்புவர். அவை காற்றினும் இலேசானவை. வியாழனின் காற்றோ பெரும்பாலும் ஐதரசனே; அதனினும் இலேசான வாயு வேறில்லை. என் செய்வது? ஐதரசனைச் சூடாக்கி நிரப்புகின்றனர். சூடான ஐதரசன் குளிர்ந்த ஐதரசனில் மிதக்கும்! ஒரு சிறு பௌதிக உண்மை கதையின் ஊர்தியையே வடிவமைத்துவிட்டது. அக்கோளில் நிற்பதற்குத் தரை இல்லை. ஆகவே உயிர்களும் மிதக்கும் உயிர்களே. முதற்பொருளிலிருந்து கருப்பொருள் பிறக்கும் வகையை இதைவிடத் தெளிவாக எவர் காட்டினார்? ஐந்தாண்டு கழித்து, 1976 இல், கார்ல் சேகனும் சால்பீற்றரும் வியாழனில் மிதக்கும் உயிர்கள் இருக்கக்கூடுமா என்று ஆய்வுக் கட்டுரையே எழுதினர்.

1973 இல் வந்த இராமாவுடன் சந்திப்பு என்னும் நாவலில் அவர் கோளையே விட்டுவிட்டு, ஐம்பது கிலோமீற்றர் நீளமுள்ள உள்ளீடற்ற உருளை ஒன்றினுட் காற்றை அடைத்தார். உருளை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்கின்றது. உள்ளே பதினாறு கிலோமீற்றர் குறுக்களவு. அப்படியாயின் சுவரோடு ஒட்டிய காற்று மணிக்கு 750 கிலோமீற்றர் வேகத்தில் சுவரோடு சேர்ந்து சுற்றுகின்றது; நடுவச்சிலுள்ள காற்றுக்கு அவ்வேகம் இல்லை. உருளை ஞாயிற்றை அணுகி வெப்பமடையும்போது காற்று மேலும் கீழும் இடம்பெயர்ந்தாக வேண்டும்; பெயரும் காற்று தன் பழைய வேகத்தையும் சுமந்துகொண்டு செல்லும்; சூறாவளி எழும். கதையில் இதனை முன்கூட்டியே கணித்து எச்சரிப்பவர் பெரேரா என்னும் அறிஞர். நம் தீவின் பெயரைக் கேட்டு மகிழ்வது ஒருபுறமிருக்க, அப்புயல் ஆசிரியர் வேண்டியதால் வந்ததன்று, கணக்கு வேண்டியதால் வந்தது என்பதைக் காண்க.

ஒட்சிசனைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நம் கதைகள் பெரிதும் வழுவுவது இவ்விடத்தில்தான். ஒட்சிசன் தனித்து நிற்கும் இயல்பற்றது. இரும்பைக் கண்டால் துருவாகும். கரியைக் கண்டால் காபனீரொட்சைட்டாகும். ஊட்டுவார் இல்லையேல் நாளடைவிற் காற்றிலிருந்து மறைந்துவிடும். பூமியில் அது நிலைப்பது பச்சிலையாலும் கடற்பாசியாலும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுக்கு முன்னர்தான் அது நம் காற்றில் குறிப்பிடத்தக்க அளவு சேர்ந்தது. பூமியின் வாழ்நாளிற் பாதி அதற்கு முன்பே கழிந்துவிட்டது. ஆகவே புல்லும் பூண்டும் அற்ற கற்கோளில் தலைவன் மூச்செடுத்தான் என்று எழுதுபவர், உழவனே இல்லாத ஊரில் நெல் விளைந்தது என்று எழுதுபவர் ஆவார். அளவும் முக்கியம். நூற்றுக்கு 21 பங்கு நம் காற்றில் உண்டு. 15 பங்கினும் குறைந்தால் விறகு எரியாது. அடுப்பில்லாத அக்கோளின் நாகரிகம் உலோகம் உருக்கியது எங்ஙனம்? பங்கு மிகவும் கூடினால் ஈரமரமும் பற்றிக்கொள்ளும். ஒரு மின்னல் ஒரு காட்டை விழுங்கும். 1967 சனவரியில் அப்பலோ கலம் ஒன்று தரையில் நின்று சோதிக்கப்பட்டபோது, உள்ளே நிறைத்திருந்த தூய ஒட்சிசனில் தீப்பற்றி மூவர் மாண்டதை இங்கே நினைக்கவேண்டும்.

காற்றின் ஈரமும் அங்ஙனமே. நம் பகுதியில் இறப்பர்ப் பால் வெட்டுவோர் விடியுமுன் மரத்தடிக்குச் செல்வது ஏன்? வெயில் ஏறினால் இலைகள் நீரைக் காற்றுக்கு இறைத்துவிடும், மரத்தினுள் அமுக்கம் தளரும், பால் குறையும். காற்றின் ஈரம் ஒரு தோட்டத்தின் நாளையே வகுக்கின்றது. பெண்கள் துயிலெழும் நேரத்தையும் பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நிலையையும் வகுக்கின்றது. கற்பனைக் கோளின் தொழிலாளர் எந்நேரத்தில் எழுவர் என்று நம் எழுத்தாளர் ஒருவரேனும் எண்ணிப் பார்த்தனரா?

கதையில் மட்டுமன்றிக் கண்ணாடிக் குடுவையிலும் அயற்கோளின் காற்றை ஆக்கிப் பார்த்த அறிஞர் ஒருவரும் இத்தீவு தந்தவரே. 1923 இல் காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்று, பின்னர் இரசாயனம் பயின்று, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தவர் சிறில் பொன்னம்பெருமா. மெதேன், அமோனியா ஆகியவற்றின் கலவையை வியாழனின் காற்றாகக் கொண்டு அதனுள் மின்பொறி செலுத்தியபோது செந்நிறப் பொருள் ஒன்று விளைந்ததை அவரும் உடனாய்வாளரும் 1969 இல் வெளியிட்டனர். வியாழனின் முகத்திலுள்ள செம்மைக்கு அது விளக்கமாகலாம் என்பது அவர்கள் கருத்து. பின்னாளில் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கி, 1994 இல் மறைந்தார். மெய்யியல் பயின்ற ஒருவர் குடுவையில் ஒரு கோளின் வானத்தை வடித்தார் என்னும் செய்தி, கலை வேறு விஞ்ஞானம் வேறு என்று மாணவரை இருகூறாக்கும் நம் பாடசாலைகளிற் சொல்லப்படவேண்டும்.

இவ்வாறெல்லாம் கணக்குக் கேட்டாற் கற்பனை வாடிவிடும் என்று அன்பர் சிலர் வருந்துவர். புலவர் என் நண்பர் ஒருவர், கம்பனிடம் போய் அனுமன் கடல் தாவியபோது காற்றின் தடை எவ்வளவு என்று கேட்பீரோ என்று நகையாடினார். கேளேன், அது தெய்வக் கதை, அதன் வழக்கு வேறு. கோள்கதையோ விஞ்ஞானத்தின் பெயரால் நம் நம்பிக்கையைக் கடன் வாங்குகின்றது. வாங்கிய கடனுக்குக் கணக்குக் காட்டவேண்டும். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியர் கூறியது இதற்கும் பொருந்தும். அன்றியும், வானநூலார் இன்று பிற ஞாயிறுகளைச் சுற்றும் கோள்களை ஆயிரக்கணக்கிற் கண்டுள்ளனர். 2022 இல் அத்தகைய கோள் ஒன்றின் காற்றிற் காபனீரொட்சைட்டு இருப்பதைத் தொலைநோக்கி காட்டிற்று. இன்று கற்பித்து எழுதும் காற்றை நாளை அளந்து பார்ப்பவர் உளர்.

கணக்கு, கவிதைக்குப் புதுப் பொழுதுகளையும் தருகின்றது. செவ்வாயின் பகல்வானம் நீலமன்று. நுண்துகள் மிதப்பதால் மங்கிய செம்மஞ்சள். 1976 இல் வைக்கிங் கலம் அனுப்பிய வண்ணப்படத்தை முதலில் நீலவானமாக வெளியிட்டுப் பின்னர் திருத்தினர். விஞ்ஞானியரும் தம் ஊர் வானத்தையே எங்கும் தேடுகின்றனர்! ஆனால் அங்கே ஞாயிறு சாயும்போது அதனைச் சுற்றி நீலம் படர்கின்றது. நமக்குச் செவ்வானம் மாலை. அங்கே நீலமே மாலை. ஒருநாள் என்பது நம் நாளினும் முப்பத்தொன்பது நிமிடம் நீளம். காற்று மிக மெல்லியதாகலின் ஒலி தளர்ந்து செல்லும். அதிலும் மெல்லிய குரலின் உயர்ந்த ஒலிகளைக் காபனீரொட்சைட்டு விரைவில் விழுங்கிவிடும். முல்லைக்கு மாலையும், மாலைக்குப் பிரிந்தோர் ஏக்கமும் உரியன என்று படித்த மாணவன் ஒருவன், அந்த நீல மாலையில், சில அடிக்கு அப்பால் நிற்கும் தலைவனுக்கும் குரல் எட்டாத ஒரு தலைவியை வைத்து எழுதுவானாயின், அக்கதையை முதலிற் படிக்க நான் காத்திருக்கின்றேன்.